பி0420 வந்தால் கன்வெர்ட்டரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

#1 நெடுஞ்சாலை

வணக்கம். காரில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிகிறது. மின்னவில்லை, நிலையாக எரிகிறது. பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது, 1,40,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. கைபேசியோடு இணையும் புளூடூத் ஸ்கேன் கருவியைச் செருகிப் பார்த்தேன். பி0420 என்று காட்டியது. எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்று அதற்குப் பொருளாம். ஒரு பட்டறையில் காட்டினேன். குறியீட்டைப் படித்த கையோடு "கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்றுங்கள்" என்றார்கள். காருக்கு அடியில் யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஓட்டத்தில் குறை தெரியவில்லை. இழுவை அப்படியே இருக்கிறது. எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறதோ என்று ஒரு சந்தேகம், அவ்வளவுதான். காலையில் முதல் முறை கிளப்பும்போது 'டக் டக்' என்று மெல்லிய சத்தம் வரும். சூடு ஏறியதும் நின்றுவிடும். வால்வு சத்தம், பழைய இன்ஜின் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்.

ஸ்பேனர் பெட்டி, மல்டிமீட்டர், ஜாக், தாங்கிகள் எல்லாம் கைவசம் இருக்கின்றன. கன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன் வீட்டிலேயே எதையெல்லாம் சோதித்துப் பார்க்கலாம்?

#2 அவசரக்காரன்

பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சிறிது நேரம் விட்டு மாட்டுங்கள். விளக்கு அணைந்துவிடும். திரும்ப வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

#3 ஸ்பேனர்14

நெடுஞ்சாலை தம்பி, மேலே சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். விளக்கு எரிந்த கணத்தில் கார் எந்த நிலையில் ஓடிக்கொண்டிருந்தது என்பதைக் கணினி பதிவுசெய்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். வேகம், இன்ஜின் சுழற்சி, குளிர்நீர் வெப்பம், இன்ஜின் மீதான சுமை, ஃபியூயல் டிரிம் (கணினி எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ தருகிறது என்ற கணக்கு) எல்லாம் அதில் இருக்கும். பேட்டரியைக் கழற்றினாலும் கருவியால் அழித்தாலும் அத்தனையும் போய்விடும். கூடவே கார் இதுவரை கற்றுவைத்திருக்கும் டிரிம் அளவுகளும் பல கார்களில் அழிந்துவிடும். துப்பு துலக்க வந்தவன் முதல் வேலையாகத் தடயத்தைத் துடைப்பதா?

அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பிறகு நிலுவையில் இருக்கும் குறியீடுகளையும் பாருங்கள். விளக்கை எரிய வைக்கும் அளவுக்கு இன்னும் உறுதியாகாத சந்தேகங்களைக் கணினி அங்கே தனியாக வைத்திருக்கும். பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

பி0420 என்பது கன்வெர்ட்டரைச் சோதித்த முடிவுதான். ஆனால் அந்தச் சோதனையைக் கணினி நேரடியாகச் செய்வதில்லை. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. அந்த இரண்டும் சொல்வதை ஒப்பிட்டுத்தான் தீர்ப்பு எழுதுகிறது. சாட்சிகளில் ஒருவர் பிசகினாலும் தீர்ப்பு மாறிவிடும்.

#4 மின்கம்பி

ஸ்பேனர் ஐயா சொன்னதோடு சேர்த்து, அந்த ஒப்பீடு எப்படி நடக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். இது புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கன்வெர்ட்டருக்குள் இருப்பது பீங்கான் தேன்கூடு. அதன் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். இவற்றோடு சீரியம் ஆக்சைடும் உண்டு. அதன் வேலை ஆக்சிஜனைத் தேக்கி வைப்பது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சும்போது பிடித்து வைத்துக்கொள்ளும், குறையும்போது விடும். வெள்ளத்தையும் வறட்சியையும் சமன்செய்யும் அணையைப் போல. கணினி எரிபொருளைச் சற்றுக் கூட்டியும் சற்றுக் குறைத்தும் தந்துகொண்டே இருப்பதால் முன் சென்சாரின் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். கன்வெர்ட்டர் நலமாக இருந்தால் அந்த அலை உள்ளேயே அடங்கிவிடும். பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் பக்கத்தில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். பின் சென்சாரும் முன் சென்சாரோடு சேர்ந்து ஆட ஆரம்பித்தால் தேக்கும் திறன் தீர்ந்துவிட்டது என்று கணினி முடிவு கட்டும். அதுதான் பி0420.

கவனிக்க: சில கார்களில் முன்னால் இருப்பது அகலப்பட்டை சென்சார். அது இப்படி ஆடாது, வேறு அளவில் பேசும். உங்கள் காரில் எது என்று சர்வீஸ் கையேட்டில் பார்த்துவிட்டு வரைபடத்தைப் படியுங்கள்.

இன்னொன்று. மலிவான புளூடூத் கருவிகள் மெதுவானவை. பத்து அளவுகளை ஒரே நேரத்தில் திரையில் போட்டால் ஒவ்வொன்றும் எப்போதாவதுதான் புதுப்பிக்கப்படும், ஆடும் கோடுகூட நேர்க்கோடாகத் தெரியும். இரண்டு சென்சார்களை மட்டும் தேர்ந்தெடுத்து வரைபடமாகப் போடுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, சுழற்சியை நிமிடத்துக்கு 2,500இல் நிலையாகப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். கன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கவே 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆறிய வண்டியில் பார்த்தால் எல்லாக் கன்வெர்ட்டரும் செத்துப்போனதாகத்தான் தெரியும்.

#5 கரிப்புகை

என்னுடையது டீசல் கார். இதே விளக்கு எனக்கும் எரிகிறது. இதையெல்லாம் நானும் செய்து பார்க்கலாமா?

#6 ஸ்பேனர்14

குறியீட்டைப் படிப்பது, ஃப்ரீஸ் ஃப்ரேம் பார்ப்பது வரை ஒன்றுதான். அதற்கு மேல் டீசலின் கதை வேறு. கரி வடிகட்டி, ஈஜிஆர் வால்வு, அழுத்த வேறுபாட்டுச் சென்சார் என்று போகும். குறியீட்டோடு தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இங்கே கலந்தால் இவருக்கும் குழப்பம், உங்களுக்கும் குழப்பம்.

#7 நெடுஞ்சாலை

ஐயா, நல்லவேளை எதையும் அழிக்கவில்லை. ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருப்பது: வேகம் மணிக்கு 78 கிலோமீட்டர், சுழற்சி 2,300, குளிர்நீர் 90 டிகிரி, குறுகிய கால டிரிம் +3 சதவீதம், நீண்ட கால டிரிம் +12 சதவீதம்.

நிலுவைப் பக்கத்தில் இன்னொரு குறியீடு இருக்கிறது: பி0171.

வரைபடமும் எடுத்துவிட்டேன். முன் சென்சார் மின்கம்பி சொன்னபடியே 0.1க்கும் 0.9க்கும் இடையே ஆடுகிறது. பின் சென்சார் நிலையாக இல்லை. முன் சென்சார் அளவுக்கு வேகமாகவும் இல்லை. 0.7, 0.8 என்று உயரத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திடீரென 0.2க்கு விழுகிறது, மறுபடி ஏறுகிறது.

#8 மின்கம்பி

நிலுவையில் பி0171 இருப்பதுதான் செய்தி. கலவையில் காற்று மிகுதி, எரிபொருள் குறைவு என்பது அதன் பொருள். கணினி ஏற்கெனவே 12 சதவீதம் எரிபொருளைக் கூட்டித் தந்துகொண்டிருக்கிறது. பத்துக்குள் இருந்தால் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். பல கார்களில் இருபத்தைந்தை நெருங்கும்போது பி0171க்கே விளக்கு எரியும்.

ஐட்லிங்கில் டிரிம் எவ்வளவு, 2,500 சுழற்சியில் எவ்வளவு? இந்த இரண்டு எண்களும் வேண்டும். ஐட்லிங்கில் அதிகமாக இருந்து, சுழற்சி ஏற ஏறக் குறைந்தால் எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது. தலைகீழாக, சுமை ஏறும்போது டிரிம் ஏறினால் எரிபொருள் பம்ப், ஃபில்டர், இல்லையென்றால் அழுக்கேறிய காற்றோட்டச் சென்சார்.

#9 அவசரக்காரன்

இவ்வளவு எதற்கு? பின் சென்சாருக்கு அடியில் ஒரு நீட்டிப்புத் துண்டை வைத்து முறுக்கிவிட்டால் சென்சார் புகைப் பாதையிலிருந்து விலகிவிடும். கோடு நேராகிவிடும். விளக்கும் எரியாது. டேங்கில் ஊற்றும் கன்வெர்ட்டர் சுத்திகரிப்புத் திரவமும் கிடைக்கிறதே!

#10 மட்டுறுத்துநர்

சென்சாரை ஏமாற்றும் துண்டு, உள்ளே குடைந்து எடுத்த கன்வெர்ட்டர், மென்பொருளில் பின் சென்சாரை அணைத்து வைப்பது ஆகியவற்றுக்கு இங்கே செய்முறை எழுத அனுமதி இல்லை. பல நாடுகளில் இது சட்ட மீறல். பதிவை நீக்கவில்லை, பதில் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறேன். அடுத்தது வந்தால் நீக்கிவிடுவேன்.

#11 ஸ்பேனர்14

பதில் சொல்கிறேன். சட்டத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டே பேசுவோம். பின் சென்சார் வெறும் வேவு பார்க்கும் ஆள் என்று நினைக்கிறார்கள். பல கார்களில் கலவையை நுணுக்கமாகச் சரிசெய்யவும் கணினி அதைப் பயன்படுத்துகிறது. அதன் கண்ணைக் கட்டினால் கலவையே பிசகும். இவர் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. டிரிம் +12 என்று கத்திக்கொண்டிருக்கிறது. விளக்கை மறைத்துவிட்டால் கணினி கூட்டித் தருகிற எரிபொருள் கன்வெர்ட்டருக்குள் போய்க்கொண்டேதான் இருக்கும். இன்று நலமாக இருக்கும் கன்வெர்ட்டரும் ஒரு நாள் உண்மையாகவே போய்விடும்.

திரவத்தைப் பற்றி: மேலோட்டமாகப் படிந்த கரியென்றால் எதையாவது கரைக்கலாம். உருகிய பீங்கானையும், எண்ணெயில் இருக்கும் பாஸ்பரஸ் படிந்து மூடிய பூச்சையும் எந்தப் புட்டியும் மீட்டுத் தராது.

தம்பி, மின்கம்பி கேட்ட எண்களைத் தாருங்கள். எனக்கு வேறொரு கேள்வி. காலையில் வரும் அந்த 'டக் டக்' சத்தம் இன்ஜினின் மேல் பக்கத்திலிருந்து வருகிறதா, எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்தா? முடுக்கும்போது கூடுகிறதா?

#12 தூறல்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும் அண்ணா. எனக்கு பி0456. பெட்ரோல் ஆவிக் கசிவு, மிகச் சிறியது என்று போட்டிருக்கிறது. டேங்க் மூடியை மாற்றினால் போதும் என்கிறார்கள். மாற்றினேன், விளக்கு அப்படியே இருக்கிறது.

#13 மின்கம்பி

சகோதரி, மூடி மாட்டியதும் விளக்கு அணையாது. ஆவிச் சோதனையைக் கார் எப்போது வேண்டுமானாலும் செய்துவிடாது. இரவெல்லாம் நின்று ஆறிய வண்டி, டேங்க் ஏறக்குறைய 15 முதல் 85 சதவீதம் வரை நிரம்பியிருப்பது என்று நிபந்தனைகள் உண்டு. டேங்கை எப்போதும் முழுதாக நிரப்பி வைத்தாலும், காலியாகவே ஓட்டினாலும் சோதனை நடக்காது. நடந்து, அடுத்தடுத்து மூன்று ஓட்டச் சுழற்சிகளில் (கிளப்பி, ஓட்டி, அணைப்பது ஒரு சுழற்சி) தேறினால் விளக்கு தானாக அணையும்.

பி0456 தேடுவது அரை மில்லிமீட்டர் துளையளவுக் கசிவை. மூடியின் ரப்பர் வளையத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். மூடி உட்காரும் குழாயின் விளிம்பில் துரு, மண் இருந்தாலும் புது மூடியும் கசியும். அடுத்தது, டேங்க் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு. மின்சாரம் இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும். இணைப்பைக் கழற்றி வாயால் ஊதும்போது காற்று தாராளமாகப் போனால் வால்வுதான் குற்றவாளி. எரிபொருள் நிரப்பிய உடனே வண்டி கிளம்பத் திணறுகிறதா என்றும் கவனியுங்கள். அதுவும் இந்த வால்வைத்தான் காட்டும்.

பம்ப் 'டக்' என்று நின்ற பிறகும் விளிம்பு வரை நிரப்பும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டிக்குள் திரவமே புகுந்துவிடும்.

#14 நெடுஞ்சாலை

ஐட்லிங்கில் நீண்ட கால டிரிம் +19. 2,500 சுழற்சியில் +9.

ஐயா, சத்தத்தைக் குனிந்து கேட்டேன். இன்ஜினின் பின்பக்கத்திலிருந்து வருகிறது, மூடியின் மேலிருந்து இல்லை. சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அந்தப் பக்கம்தான். முடுக்கினால் கூடுகிறது, வேகமும் ஏறுகிறது. முழுச் சூட்டில் கேட்கவே இல்லை.

#15 மின்கம்பி

ஐட்லிங்கில் உயர்ந்து, சுழற்சியில் குறைகிறது. காற்றுக் கசிவின் முகம் இது. இன்டேக் (இன்ஜினுக்குள் காற்று போகும்) பக்கத்து ரப்பர் குழாய்கள், மேனிஃபோல்டு கேஸ்கட், பிரேக் பூஸ்டர் குழாய், கிராங்க் கேஸ் காற்றுக் குழாய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்வேன். பழைய ரப்பர் வளையும் இடத்தில்தான் வெடிக்கும். கையால் மடக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

சிலர் கார்ப் கிளீனரைப் பீய்ச்சி, சுழற்சி மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சூடான இன்ஜின்மேல் எரியும் திரவத்தைத் தெளிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. குழாய்க்குள் புகையைச் செலுத்திக் கசிவைத் தேடும் புகைச் சோதனை இருக்கும்போது அது எதற்கு?

#16 ஸ்பேனர்14

இன்டேக் கசிவு என்பதோடு நான் உடன்படவில்லை. எண்கள் இன்டேக் கசிவு, எக்ஸாஸ்ட் கசிவு இரண்டுக்கும் பொருந்தும், ஆனால் சாட்சி இன்னொருவர் இருக்கிறாரே.

உண்மையிலேயே இன்டேக் பக்கம் காற்று நுழைந்தால் கணினி எரிபொருளைக் கூட்டும், கலவை சரியாகிவிடும், கன்வெர்ட்டருக்குப் போகும் புகையும் இயல்பாக இருக்கும். பின் சென்சார் இயல்பான இடத்தில் நிற்க வேண்டும். இங்கே அது 0.8 வரை ஏறி நிற்கிறது, அதாவது எரிபொருள் மிகுதி என்கிறது. முன் சென்சாரோ எரிபொருள் போதவில்லை என்று கூட்டச் சொல்கிறது. ஒரே புகையைப் பார்த்து இரண்டு பேர் எதிரெதிராகச் சொல்கிறார்கள். அப்படியானால் முன் சென்சாரின் மூக்கருகே வெளிக்காற்று வருகிறது.

எக்ஸாஸ்ட் கசிவு என்றால் புகை வெளியே போவது மட்டும்தான் என்று நினைக்கக் கூடாது. புகை துடிப்புத் துடிப்பாகத்தான் வெளியேறுகிறது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குழாயில் அழுத்தம் தாழும், அந்த நேரத்தில் இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஐட்லிங்கில் இது மிகுதி, சுழற்சி ஏறினால் குறையும். முன் சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு எரிபொருள் போதவில்லை என்று நினைக்கும். கணினி தேவையில்லாமல் கூட்டும். மிஞ்சிய எரிபொருளும் திருட்டுக் காற்றும் மாறி மாறிப் போய்க் கன்வெர்ட்டரை நிலைகுலைக்கும். அந்தத் 'டக் டக்' வால்வு அல்ல. ஆறியபோது இடுக்கு திறந்திருக்கிறது, சூட்டில் உலோகம் விரிந்ததும் ஏறக்குறைய மூடிக்கொள்கிறது.

சோதிக்க இது போதும். முழுதாக ஆறிய வண்டி, இன்ஜின் அணைத்திருக்க வேண்டும். தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயை ஊதும் பக்கத்தில் மாட்டிச் சைலன்சர் வாயில் செருகுங்கள். சுற்றிலும் ஈரத் துணியை அடைத்துவிடுங்கள். லேசான அழுத்தம்தான் வரும், போதும். பிறகு சோப்பு நீரைத் தெளிப்பானில் எடுத்து மேனிஃபோல்டு தலைப்பகுதியோடு சேரும் விளிம்பு, கன்வெர்ட்டரின் ஃபிளாஞ்ச், சென்சார் மரைகள், வளையும் குழாய் என்று ஒவ்வோர் இடமாக அடியுங்கள். குமிழி வரும் இடம்தான் இடம்.

வெப்பக் கவசத்தைக் கழற்றாமல் தேடினால் கிடைக்காது. அதற்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும்.

#17 புதுச்சாவி

அவசரம். என் காரில் விளக்கு மின்னுகிறது. மேட்டில் ஏறும்போது வண்டி உதறுகிறது. வீடு வந்து சேர இன்னும் தூரம் இருக்கிறது. ஓட்டலாமா?

#18 ஸ்பேனர்14

பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி நிறுத்துங்கள். நிலையாக எரிவது வேறு, மின்னுவது வேறு. ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று பொருள். பீங்கான் உருகும் அளவுக்குச் சூடேறும். இழுத்து வரச் சொல்லுங்கள். அடியில் காய்ந்த புல் இருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டாம்.

#19 மின்கம்பி

வீட்டுக்கு வந்ததும் குறியீட்டைப் பாருங்கள். பி0301 முதல் வரும் குறியீடுகளில் கடைசி எண் சிலிண்டரைச் சொல்லும். பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்று இல்லை. உதாரணமாக பி0302 என்றால், இரண்டாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இரண்டில் மாட்டுங்கள். கொஞ்ச நேரம் நின்ற இடத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில்தான். மாறவில்லையென்றால் ஸ்பார்க் பிளக்கை அதேபோல் இடம் மாற்றுங்கள். அதிலும் மாறாவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரெஷன். காயிலை உருவும்போது அதன் ரப்பர் உறையில் எண்ணெய் பிசுபிசுத்தால் வால்வு மூடியின் கேஸ்கட் கசிகிறது, அதை மாற்றாமல் புதுக் காயில் போட்டுப் பயனில்லை.

#20 நெடுஞ்சாலை

குமிழி வந்தது.

வெப்பக் கவசத்தின் போல்ட்டுகளில் ஒன்று துருவில் இறுகியிருந்தது. துரு நீக்கும் எண்ணெயை இரவே ஊற்றி வைத்துவிட்டு, காலையில் கழற்றினேன். கவசத்தை எடுத்த உடனே நான்காம் சிலிண்டர் பக்கத்தில் தலைப்பகுதியின் அலுமினியத்தின்மேல் விசிறி விரித்தது போல் கறுப்புக் கோடுகள் தெரிந்தன. சோப்பு நீரை அடித்ததும் அதே இடத்தில், மேனிஃபோல்டு விளிம்பின் கீழ் ஓரத்தில், சின்னச் சின்னக் குமிழிகள் தொடர்ந்து நுரைத்து வந்தன. மற்ற மூன்று சிலிண்டர்களும், ஃபிளாஞ்சும், இரண்டு சென்சார் மரைகளும் சுத்தம்.

அந்த ஓரத்து நட்டை விரலால் தொட்டேன், சுழல்கிறது. அதற்கு மேலே இருக்க வேண்டிய நட் இடத்திலேயே இல்லை, ஸ்டட் மட்டும் மொட்டையாக நிற்கிறது.

நட்டை மட்டும் இறுக்கிவிட்டால் போதுமா?

#21 ஸ்பேனர்14

போதாது. புகை ஊதிய இடத்தில் கேஸ்கட் அரித்துப்போயிருக்கும். இறுக்கினால் சத்தம் கொஞ்ச காலம் நிற்கும், அவ்வளவுதான். கேஸ்கட்டோடு நட்டுகள் அத்தனையையும் புதிதாகப் போடுங்கள், வெப்பத்தில் வெந்த நட்டுகளை நம்பாதீர்கள்.

கழற்றும்போது சில இடங்களில் நட் சுழலாமல் ஸ்டட்டே தலைப்பகுதியிலிருந்து சுழன்று வந்துவிடும். பதற வேண்டாம், அது நல்லதுதான், புது ஸ்டட் போடலாம். பயப்பட வேண்டியது நடுவில் முறிவதற்கு. ஒரேயடியாக மல்லுக்கட்டாமல் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்தி எடுங்கள். முறிந்துவிட்டால் வீட்டில் துளையிட்டுப் பார்க்காமல் பட்டறைக்குப் போங்கள். அலுமினியத் தலைப்பகுதியில் துளை கோணலாகிவிட்டால் செலவு எங்கோ போய்விடும்.

மேனிஃபோல்டை எடுத்ததும் விளிம்புகள் அனைத்தின் மீதும் நேரான எஃகு அளவுகோலை வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். எவ்வளவு வளைவு ஏற்கலாம் என்று கையேட்டில் இருக்கும். மிஞ்சினால் சமன்செய்யக் கொடுக்க வேண்டும். வளைந்த மேனிஃபோல்டில் எத்தனை கேஸ்கட் போட்டாலும் ஓரத்து நட்தான் மறுபடி தளரும்.

பழைய கேஸ்கட் ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். சிலிகான் பசை எதையும் தடவிவிடாதீர்கள். அந்த ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும். பூட்டும்போது நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் வெளியே போக வேண்டும், இரண்டு சுற்றாக, டார்க் ரெஞ்சில், கையேட்டு அளவுக்கு.

#22 மின்கம்பி

மேனிஃபோல்டில் இருக்கும் முன் சென்சாரைக் கழற்றுவதாக இருந்தால்: 22 மில்லிமீட்டர் அளவு, பக்கவாட்டில் வெட்டுள்ள சாக்கெட் வேண்டும், கம்பி அந்த வெட்டு வழியாக வெளியே வரும். லேசான வெதுவெதுப்பில் கழற்றினால் இளகும். முனையில் எண்ணெய்க் கை படக் கூடாது. இறுகாமல் இருக்கப் பூசும் பசையை மரையில் மட்டும் தடவுங்கள், பல புதுச் சென்சார்களில் அது ஏற்கெனவே பூசியே வரும். முடிந்தால் சென்சாரைத் தொடாமல் இணைப்பானை மட்டும் கழற்றி மேனிஃபோல்டோடு சேர்த்து வெளியே எடுப்பது எனக்குப் பிடித்த வழி.

#23 அவசரக்காரன்

இதற்குப் பதில் வெப்பமானியால் கன்வெர்ட்டரின் முன்னும் பின்னும் அளந்திருந்தால் அது நலமா இல்லையா என்று அப்போதே தெரிந்திருக்குமே?

#24 ஸ்பேனர்14

பழைய கார்களில் அந்தச் சோதனைக்குக் கொஞ்சம் மதிப்பு இருந்தது. இன்றைய இன்ஜினில் கலவை சீராக இருப்பதால் கன்வெர்ட்டருக்குள் எரிய வேண்டியதே கொஞ்சம்தான். நல்ல கன்வெர்ட்டரில்கூடப் பெரிய வேறுபாடு தெரியாமல் போகும். போதாக்குறைக்கு, அகச்சிவப்பு வெப்பமானி பளபளப்பான கவசத்தின்மேல் பட்டால் பொய் எண்ணைக் காட்டும்.

#25 நெடுஞ்சாலை

வேலை முடிந்தது. ஐயா எச்சரித்தபடியே ஒரு ஸ்டட் நட்டோடு சேர்ந்து வந்தது, முறியவில்லை. விளிம்புகள் வளையவில்லை. பழைய கேஸ்கட்டில் நான்காம் துளையின் கீழ்ப்பக்கம் வளையத்தின் ஒரு பகுதியே காணாமல் போயிருந்தது, மீதி கரியாக நொறுங்கி வந்தது.

மறுநாள் ஆறிய வண்டியைக் கிளப்பினேன். சத்தம் இல்லை. குறியீடுகளை இன்னும் அழிக்கவில்லை. அழிக்கலாமா, தானாக அணையும்வரை விடலாமா? புகைப் பரிசோதனைக்கும் காரைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

#26 மின்கம்பி

படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள், எனவே அழிக்கலாம். பழைய +19ஐ மறந்துவிட்டுக் கார் புதிதாகக் கற்கும், முடிவு சீக்கிரம் தெரியும்.

ஆனால் அழித்த கையோடு பரிசோதனைக்குப் போகாதீர்கள். குறியீட்டை அழித்தால் காரின் சுயபரிசோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' என்ற நிலைக்குப் போய்விடும். ஓபிடி இணைப்பு (ஸ்கேன் கருவியைச் செருகும் இடம்) வழியாகச் சோதிக்கும் நாடுகளில் அதைப் பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். புதிய கார்கள் பலவற்றில் நிரந்தரக் குறியீடு என்றும் ஒன்று உண்டு. அதை எந்தக் கருவியாலும் அழிக்க முடியாது, கார் தானே சோதித்துத் தேறினால்தான் போகும். விளக்கைத் துடைத்துவிட்டு வரிசையில் வந்து நிற்பவர்களுக்காகவே வைத்தது.

கன்வெர்ட்டர் சோதனை நடக்க, ஆறிய வண்டியைக் கிளப்பி, முழுச் சூடு ஏறிய பிறகு, நெரிசல் இல்லாத சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் சற்று நேரம் ஓட்டுங்கள். இடையிடையே பிரேக் தொடாமல் ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறையவிடுங்கள். துல்லியமான முறை காருக்குக் கார் மாறும்.

#27 தூறல்

அண்ணா, பர்ஜ் வால்வில் ஊதிப் பார்த்தேன், காற்று தாராளமாகப் போகிறது. எரிபொருள் நிரப்பியதும் கிளம்பத் திணறுவதும் உண்மை, அதை இத்தனை நாள் பேட்டரி என்று நினைத்திருந்தோம்.

#28 மின்கம்பி

அப்படியென்றால் வால்வை மாற்றுங்கள் சகோதரி. கழற்றிய பழைய வால்வைத் தட்டிப் பாருங்கள். கரித்துகள் கொட்டினால் கரிப் பெட்டி உள்ளே உடைந்திருக்கிறது, அதையும் மாற்றாவிட்டால் புது வால்வும் அடைபட்டுத் திறந்தே நிற்கும்.

#29 நெடுஞ்சாலை

அழித்துவிட்டு ஓட்டினேன். நீண்ட கால டிரிம் ஐட்லிங்கில் +3, சுழற்சியில் +2. பின் சென்சார் 0.65 பக்கத்தில் நிற்கிறது. முடுக்கிவிட்டால் மட்டும் அசைகிறது. கன்வெர்ட்டர் சோதனை 'முடிந்தது' என்று வந்துவிட்டது. நிலுவைப் பக்கம் காலி.

ஒரே ஒரு சந்தேகம். இவ்வளவு காலம் எரிபொருள் மிகுதியாக ஓடிய கன்வெர்ட்டர், அதன் ஆயுள் எவ்வளவு மிச்சம் என்று அறிய வழி உண்டா?

#30 ஸ்பேனர்14

உண்டு. கருவியின் செயலியில் ஆறாம் முறை, மோடு 6 என்று ஒரு பக்கம் இருக்கும். கன்வெர்ட்டர் சோதனையில் உங்கள் கார் வாங்கிய மதிப்பெண்ணும் தோல்வி வரம்பும் அங்கே அருகருகே இருக்கும். சில கார்களில் எண் ஏறினால் நல்லது, சிலவற்றில் இறங்கினால் நல்லது, வரம்பு அதிகபட்சமா குறைந்தபட்சமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைய எண்ணைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் அதையே மறுபடி குறியுங்கள். வரம்பை நோக்கி நகர்ந்துகொண்டே போனால் அப்போது கன்வெர்ட்டரைப் பற்றிப் பேசலாம். வாங்குவதாக இருந்தால் மிகவும் மலிவானதைத் தேடாதீர்கள். விலை குறையக் குறைய உள்ளே பூசிய உலோகமும் குறையும், அதே பி0420 சீக்கிரமே திரும்ப வரும். அதற்கிடையில் எண்ணெய் அளவுகோலைக் கவனித்து வாருங்கள், இன்ஜின் எண்ணெய் குடிக்க ஆரம்பித்தால் கன்வெர்ட்டரின் பூச்சை முதலில் மூடுவது அதுதான்.

#31 நெடுஞ்சாலை

பார்த்தேன் ஐயா. வரம்பு அதிகபட்சம் 0.75, என் கார் வாங்கியது 0.31. காருக்குள் இருக்கும் சர்வீஸ் புத்தகத்தின் ஓரத்திலேயே எழுதிவிட்டேன்.

#32 புதுச்சாவி

இழுத்து வந்து சேர்த்துவிட்டேன். பி0302. காயிலை மூன்றாவதற்கு மாற்றினேன், பி0303 ஆகிவிட்டது. ஒரு காயில் மட்டும் மாற்றினால் போதுமா, நான்கையும் மாற்ற வேண்டுமா?

#33 மின்கம்பி

போன ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக்குகளை மட்டும் நான்கும் கழற்றி இடைவெளியை அளந்து பாருங்கள். தேய்ந்து இடைவெளி கூடிய பிளக்தான் காயிலை அதிகம் வருத்தும்.